பிள்ளைகள் கற்கத் தோட்டத்தில் என்ன இருக்கிறது?

தோட்டப்புறப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெறும்போது பெற்றோரிடமிருந்து அடிக்கடி எழும் வேண்டுகோள் ஒன்றுண்டு. பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துச் சென்று அருங்காட்சியகம், உயர்ந்த கட்டடங்கள் முதலியவற்றைக் காட்டுதல் வேண்டும் என்பதே அது. நியாயமான வேண்டுகோள்தான். ஆனால், பள்ளியைச் சுற்றியுள்ள தோட்டத்தை ஆசிரியர் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று எவரேனும் கூறினால், "தோட்டத்தில் என்ன இருக்கிறது?" என்ற மறுமொழியே வருகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, நண்பகலில் பாலை நிறுத்துவிட்டுக் களைப்புடன் வீடு திரும்பும் ஒருவர் அவ்வாறு நினைப்பதில் வியப்பில்லை. எனினும் அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியது அவசியம் என நாம் கருதுகிறோம்.

பிள்ளைகள் தாம் வாழும் இடத்தையே பாடப் பொருளாகக் கொண்டு, கையால் அளந்தும் செய்து பார்த்தும் ஊராரைக் கேட்டறிந்தும் கற்பதையே கல்வியாளர் வட்டாரம் சார்ந்த செய்முறைக் கல்வி என்கின்றனர். இது புதிய எண்ணம் அன்று. 1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஜொகனஸ்பர்க் நகருக்கு அருகே காந்தியடிகளும் அவர்தம் நண்பர் காலன்பாக்கும் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, அங்கு வளர்ந்த பிள்ளைகள் தோட்ட வேலை, தச்சு வேலை, செருப்புத் தைத்தல் ஆகியவற்றுடன்தான் எழுத்தும் கணக்கும் பயின்றனர். அப்பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர் என்பது நமக்கு உவப்பான செய்தி. கைத்தொழில் வழியே கல்வி என்னும் அக்கருத்தை அடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் இந்திய நாட்டிற்கே முன்வைத்தார்.

நம் தோட்டங்களில் அப்படிக் கற்பதற்கு எவை உள்ளன என்பதை இனிக் காண்போம்.

முதலில் மரத்திடமே செல்வோம். உளியால் இடும் வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சரிவாக இருப்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். ஏன் அவ்வாறு வெட்டுகிறோம்? பட்டைக்குள் பாலைத் தாங்கி நிற்கும் நுண்குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலே செல்கின்றன. ஆதலின் இடமிருந்து வலமாகத் தாழும் வெட்டு, எதிர்த்திசையில் தாழும் வெட்டைக் காட்டிலும் மிகுதியான குழாய்களைத் திறக்கிறது. ஒட்டுக்கட்டிய மரத்தில் இச்சரிவு ஏறத்தாழ 30 பாகை. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவன் கணிதப் பாடத்தில் கோணமானியைக் கையில் எடுக்கிறான். தாளில் வரைந்த கோடுகளையே அளக்கிறான். அந்தக் கோணமானியை ஒரு நாள் பால்மரத்தருகே கொண்டுவந்து, தன் தாய் வெட்டிய கோட்டின் சரிவை அளந்து பார்க்கட்டும். கோணமானி இல்லாமலேயே நாள்தோறும் முந்நூறு நானூறு மரங்களில் 30 பாகையை வழுவாமல் இடும் கை எத்தகைய பயிற்சி பெற்ற கை என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.

பட்டையின் கணக்கும் அவ்வாறே. ஒரு முறை சீவும்போது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை செலவாகிறது. ஆண்டுக்கு 150 முறை சீவுவதாக வைத்துக்கொண்டால் 225 மில்லிமீட்டர், அதாவது 22.5 செண்டிமீட்டர் பட்டை குறையும். வெட்டு தொடங்கிய உயரத்தை அளந்துவிட்டால், அந்தப் பக்கத்துப் பட்டை இன்னும் எத்தனை ஆண்டுகள் வரும் என்பதை மாணவனே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். சற்றுத் தடித்துச் சீவினால் எத்தனை மாதம் குறையும் என்பதும் அதே கணக்கில் வெளிப்படும். பட்டையைச் சிக்கனமாகச் சீவ வேண்டும் என்று தண்டல் ஏன் நாள்தோறும் கண்டிக்கிறார் என்பதற்கு எண்ணாலான விடை இது.

விடியற்காலையில் ஏன் சீவுகிறோம் என்ற கேள்வி அறிவியல் பாடத்தைச் சேர்ந்தது. இரவில் இலைகள் நீரை வெளிவிடுவது மிகக் குறைவு. ஆகவே பால் குழாய்களில் அழுத்தம் நிறைந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் தாழ்கிறது, பாலோட்டம் மந்தமாகிறது. தாவரங்களின் நீர் போக்குவரத்தைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேறெங்கும் கிடைக்காது.

பால் நிறுக்கும் இடத்தில் ஒரு பாடம்

இவற்றையெல்லாம் விட முக்கியமானதாக நாம் கருதுவது பால் நிறுக்கும் இடத்தில் கிடைக்கும் பாடமாகும். ஏனெனில் அது குடும்பத்தின் வருவாயோடு நேரடித் தொடர்புடையது.

பாலில் பெரும்பகுதி நீர் என்பது யாவரும் அறிந்ததே. 100 பங்கு பாலில் உலர்ந்த ரப்பராக எஞ்சுவது பொதுவாக 30 முதல் 40 பங்கு வரையே. இந்த விழுக்காடு மரத்தின் இனம், வயது, பருவம், மழை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. ஆகவேதான் பாலின் நிறையை மட்டும் பார்க்காமல், மாதிரி எடுத்து உலர் ரப்பர் விழுக்காட்டையும் கண்டறிந்து கணக்கிடும் முறை ஏற்பட்டது. ஒருவர் 24 கிலோகிராம் பால் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுக்காடு 32 எனில் உலர் ரப்பர் 7.68 கிலோகிராம். அதே பாலுக்கு 30 எனப் பதியப்பட்டால் 7.20 கிலோகிராம். வேறுபாடு அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு, பெரிதாகத் தோன்றாது. ஆனால் மாதத்தில் 20 நாள்களுக்கு அது 9.6 கிலோகிராம் ஆகிறது. சீட்டில் எழுதப்பட்ட எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. விழுக்காடு என்னும் பாடத்தைக் கடைக்காரரின் கழிவு விலையைக் கொண்டு கற்கும் பிள்ளை, வீட்டுக்கு வரும் இந்தச் சீட்டைக் கொண்டும் கற்றால், தாய் தந்தையருக்கு அதனை வாசித்து விளக்கும் நிலைக்கு உயர்கிறது.

பள்ளியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். 100 கிராம் பாலை ஒரு தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, சிறிது நீர் கலந்த புளிக்காடியை விட்டு மெல்லக் கலக்கினால், சிறிது நேரத்தில் பால் உறைந்து கட்டியாகும். தொழிற்சாலையில் பயன்படும் ஃபார்மிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும். அதனைப் பிள்ளைகள் கையாளலாகாது. சமையலறைப் புளிக்காடியே போதும். உறைந்த பாலைப் போத்தலால் உருட்டி மெல்லிய தகடாக்கி, நீரில் கழுவி, நிழலில் தொங்கவிட வேண்டும். அடுத்த நாள் முதல் நாள்தோறும் அதனைச் சமையல் தராசில் நிறுத்து எழுதி வர வேண்டும். முதல் நாள்களில் நிறை விரைந்து குறையும். பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த எண் 33 கிராம் எனில் விழுக்காடு 33. பிள்ளைகள் அதை வரைபடமாக வரைந்தால், நீர் வெளியேறிய கதை முழுவதும் ஒரு வளைகோட்டில் தெரியும்.

இங்கே சுவையான செய்தி ஒன்றுண்டு. பசும்பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மிதப்புக் கருவியைப் பலர் அறிவர். நீர் கலந்த பசும்பாலில் அக்கருவி ஆழ்ந்து இறங்கும். மரப்பாலின் செறிவை அறியவும் அதே போன்ற மிதப்புக் கருவி உண்டு. ஆனால் நீர் கலந்த மரப்பாலில் அது மேலே எழும்புகிறது! காரணம் எளிதே. பசும்பால் நீரைவிடக் கனமானது. நீர் சேரச் சேர அதன் அடர்த்தி குறைகிறது. ரப்பரோ நீரைவிட இலேசானது. ஆகவே மரப்பாலும் நீரைவிடச் சற்று இலேசானது. நீர் சேரச் சேர அதன் அடர்த்தி கூடுகிறது. குளிர்பானம் பருகும் குழல் ஒன்றின் அடியில் களிமண்ணை அடைத்து, மிதப்புக் கருவியொன்றைப் பிள்ளைகளே செய்துகொள்ளலாம். ஒரு குவளை பசும்பால், ஒரு குவளை மரப்பால், சிறிது நீர். இந்த மூன்றைக் கொண்டே அடர்த்தி என்னும் பாடத்தை ஒரு பாடவேளையில் நடத்தி முடிக்கலாம். மங்கில் மழைநீர் விழுந்தால் நிறை கூடுகிறதே, அதனால் இலாபமா என்று ஒரு பிள்ளை நிச்சயமாகக் கேட்கும். நிறை கூடும், விழுக்காடு இறங்கும், பெருக்கிப் பார்த்தால் பழைய எண்ணே வரும். வேண்டுமென்றே நீர் ஊற்றிப் பார்த்த பெரியவர்கள் சிலரும் இக்கணக்கைத் தெரிந்துகொள்வது நலம்.

கொசுவும் இடத்தின் இயல்பும்

இடத்தை அறிந்து கற்பதால் உயிரே காக்கப்பட்டதற்கு நம் தோட்டங்களின் வரலாறு சான்று பகர்கிறது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897இல் ரோனல்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். அதன் பின்னர், 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மருத்துவராகப் பணிபுரிந்த மால்கம் வாட்சன், நகரைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டுவித்தார். புதர்க்காட்டை அகற்றச் செய்தார். காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டை வெட்டித் திறந்தபோது, நேர்மாறாகக் காய்ச்சல் பெருகிற்று. தோட்டத் தொழிலாளர் பலர் மாண்டனர். காரணத்தை வாட்சன் நேரில் ஆராய்ந்தார். தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, நிழல் படிந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. மலைச்சரிவிலோ வேறோர் இனக் கொசு. அது வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடுவது. மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டது முதல் இடத்தில் கொசுவை அழித்தது. இரண்டாம் இடத்தில் கொசுவை வளர்த்தது. கிள்ளான் சமவெளியில் பயன்பட்ட முறையை மலைச்சரிவுக்கு அப்படியே கொண்டுசென்றால் கேடு விளையும் என்பதை அந்த ஓடையருகே நின்று பார்த்தவர்தாம் அறிய முடிந்தது.

அந்தக் காய்ச்சல் இப்போது பெரிதும் அடங்கிவிட்டது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழி பரவும் மலேரியா நம் நாட்டினுள் தொற்றியதாகப் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் வகை மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது. இன்று நம்மை அச்சுறுத்துவது டிங்கிக் காய்ச்சல். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சிறு நீரில் முட்டையிடுகிறது. சீவாமல் விட்ட நிரைகளில் நிமிர்ந்தபடி கிடக்கும் மங்குகள், தேங்காய்ச் சிரட்டைகள், பழைய டயர்கள், வீட்டின் பின்னுள்ள வாளிகள் அனைத்தும் அதற்கு ஏற்ற தொட்டில்களே.

இதில் பள்ளிப் பிள்ளைகள் செய்யக்கூடிய பணி மிகுதி. ஒரு வகுப்பினர் வாரத்தில் ஒரு நாள் குடியிருப்பை வீடு வீடாகப் பார்வையிட்டு, நீர் தேங்கிய பாத்திரங்கள் எத்தனை, அவற்றுள் கொசுப்புழு உள்ளவை எத்தனை என்று எழுதி வரட்டும். 40 வீடுகளில் 6 வீடுகளில் புழு இருந்தால் அது 15 விழுக்காடு. சுகாதார அதிகாரிகளும் வீடுகளை இவ்வாறே கணக்கிடுகின்றனர். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் வரை ஆகும். எனவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டினால் கொசு பிறப்பதற்குள் தடுத்துவிடலாம். அடுத்த வாரம் மீண்டும் எண்ணினால் விழுக்காடு இறங்கியிருப்பதைப் பிள்ளைகளே காண்பர். நீரில் புழு எப்படிக் கிடக்கிறது என்பதையும் உற்று நோக்கலாம்: மலேரியாவைப் பரப்பும் இனத்தின் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படிந்து கிடக்கும்; ஏடிஸ் புழு வால் முனையை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். கண்ணாடிப் போத்தலில் வைத்துப் பார்த்த பின் நீரைத் தரையில் கொட்டிவிடுதல் வேண்டும். ஆசிரியர் மேசையில் ஒரு வாரம் மறந்து வைத்தால் வகுப்பறையே கொசுப் பண்ணையாகிவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். தோட்டத்தில் கற்பது வேறு. தோட்டத்தில் வேலை செய்வது வேறு. ஒட்டுப்பால் உரிக்கவும் மங்கு கழுவவும் பிள்ளைகளைப் பெற்றோர் உடன் அழைத்துச் சென்ற காலம் ஒன்றிருந்தது. அதனால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள் நம்மிடையே பலர். பிள்ளைகளைப் பணியில் ஈடுபடுத்துவதைக் கட்டுப்படுத்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மாணவன் அளக்கவும் கேட்கவும் எழுதவும் மரத்தடிக்கு வரலாம். ஒரு நிரையின் வேலையை அவன் தலையில் ஏற்றலாகாது. உளியைப் பெரியவரே கையாள வேண்டும். மருந்து தெளித்த இடங்களுக்கு அன்றும் அடுத்த சில நாள்களும் பிள்ளைகள் செல்லலாகாது. எந்தெந்த இடத்தில் தெளித்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேட்டறிவது ஆசிரியரின் கடமை.

வரலாற்றுப் பாடத்திற்கும் தோட்டத்தில் பஞ்சமில்லை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றதும், 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அவ்வழி வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டதும், மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தாமல் மெல்லச் சீவும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி செய்து காட்டியதும், 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டதும் நூல்களில் உள்ளன. நம் தோட்டத்தின் வரலாறோ எந்த நூலிலும் இல்லை. எந்த ஆண்டில் காடு வெட்டப்பட்டது? பழைய லயம் எங்கிருந்தது? கோயில் முதலில் எந்த மரத்தடியில் இருந்தது? இவற்றை அறிந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் நின்றுவிட்டது. அவ்வழி வந்தவர்கள் இன்று நம்மிடையே இல்லை எனலாம். இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி இட்டதையும் அரிசி அளந்து கொடுக்கப்பட்டதையும் சிறு பிள்ளைகளாகக் கண்டவர்கள். அவர்களிடம் ஒரு மாணவன் குறிப்பேட்டுடன் சென்று அமர்ந்தால் போதும். கேள்விகளை ஆசிரியர் முன்னரே எழுதிக் கொடுப்பது நல்லது; "உங்கள் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டந்தான்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், என்ன கொண்டுபோவீர்கள், கூலி எவ்வளவு?" என்று கேட்டால் மாலை முழுவதும் பேசுவார்கள்.

இதற்குக் காலம் அதிகம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெருந்தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நாட்டின் ரப்பர்ப் பரப்பில் மிகப் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர் வசமே உள்ளது. தோட்டம் மறைந்தபின் பள்ளி மட்டும் வேறிடம் பெயர்ந்த ஊர்கள் உண்டு. அங்கே இத்தகைய பாடத்தை நடத்த நினைத்தாலும் மரமும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

முன்பு ஆசிரியர்கள் தேர்வைக் காரணம் காட்டினர். அதில் உண்மையும் இருந்தது. 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. தொடக்கப்பள்ளியில் இப்போது வகுப்பறை மதிப்பீட்டுக்கு முதன்மை தரப்படுகிறது. மாணவன் அளந்ததும் எழுதியதும் வரைந்ததும் அம்மதிப்பீட்டில் இடம்பெறக்கூடும். பாடத்திட்டத்துக்குப் புறம்பான வேலை என்று இனி ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் பெற்றோர் இதனைச் சங்கக் கூட்டத்தில் முன்வைக்கலாம். நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறலாம். பெற்றோருள் ஒருவர் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் பிள்ளைகளுடன் மரத்தடியில் நின்று, தம் தொழிலைத் தம் சொற்களிலேயே விளக்குவாரானால் அதுவே பெரிய உதவி. எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எழுதுவது மாணவனின் வேலை. உளி பிடித்தவர் காட்ட வேண்டியது கைப்பக்குவத்தை.

தொடக்கத்திற்குச் செலவில்லாத பாடமொன்று வேண்டுமாயின் ரப்பர் விதையே போதும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மரம் பூத்துக் காய்த்து, ஏறத்தாழ ஐந்து மாதங்களில் காய் முற்றுகிறது. வெயில் காயும் நாளில் அது ஓசையுடன் வெடித்து, மூன்று விதைகளையும் தூரத்தே வீசுகிறது. தனித்து நிற்கும் மரம் ஒன்றைத் தேர்ந்து, அடிமரத்திலிருந்து ஒவ்வொரு விதையும் எத்தனை மீட்டர் தொலைவில் கிடக்கிறது என்று நாடாவால் அளந்து அட்டவணை இடட்டும். மிகத் தொலைவில் கிடந்ததைப் பச்சை மண்ணில் ஊன்றி, எத்தனையாம் நாள் முளைக்கிறது என்றும் குறித்து வரட்டும். பச்சை விதையில் நஞ்சு உண்டு. ஆகவே வாயில் வைக்கலாகாது என்று சிறு பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைக் கழுவச் செய்தல் வேண்டும்.